வெட்டி ஒட்டிய புல்லட்: ஒரு மீட்புக் குறிப்பேடு

2023 பிப்ரவரி 4

1980களின் பிற்பகுதியில் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளிவந்த 350 சிசி புல்லட் ஒன்று இன்று கோவையில் என் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது. "சாப்பர்" என்று சொல்லித்தான் விற்றார்கள். முன் ஃபோர்க் நீட்டப்பட்டிருக்கிறது, ஸ்டியரிங் பொருந்தும் தலைப்பகுதியில் சேசிஸ் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, பின் ஷாக் அப்சார்பர்கள் இருந்த இடத்தில் இரண்டு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்திருக்கிறார்கள். பின்சக்கரத்தில் கார் டயர் ஓடுகிறது. முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது.

இதற்கு முன் நான் எந்த வண்டியையும் முழுதாகப் பிரித்ததில்லை. என்னிடம் இருப்பவை பழைய பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று, கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் துணை, மாற்றங்கள் எதுவும் செய்யாத புல்லட் வைத்திருக்கும் நண்பன் ஆகியவையே. வண்டியை ஆலையிலிருந்து வந்த வடிவத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம்.

சாப்பர் என்ற கலையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் கனமான வண்டிகளிலிருந்து வேண்டாதவற்றைக் கழற்றி எறிந்தவர்கள் தொடங்கி வைத்த அந்த மரபு, 1960களில் நீண்ட ஃபோர்க்குகளாக வளர்ந்தது. அதைத் தெரிந்து செய்தவர்கள் தலைக்கோணத்தையும் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) ஃபோர்க்கின் நீளத்தையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். என் தாழ்வாரத்தில் நிற்கும் வண்டியில் அந்தக் கணக்கின் சுவடே இல்லை.

பிப்ரவரி 12

இன்ஜினை இறக்கும் வேலை. புல்லட்டின் சேசிஸில் முன்னால் ஒரே ஒரு கீழ்த்தண்டு வருகிறது. அது இன்ஜினின் முன்பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பின்பகுதி வரை பாரத்தைக் கடத்துவது இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ்தான், அதாவது இன்ஜினே சேசிஸின் ஓர் உறுப்பு. ஆகவே தலைப்பகுதியை யாராவது கோணலாக ஒட்டியிருந்தால், அந்தக் கோணலின் இழுப்பு முழுவதையும் இன்ஜினின் வார்ப்பு தாங்கிக்கொண்டிருக்கும்.

இன்று அதைக் கண்ணால் பார்த்தேன். கீழ்த்தண்டை இன்ஜினோடு பிணைக்கும் முன்தகட்டு போல்ட்டின் நட்டைக் கழற்றிய பிறகும் போல்ட் கையோடு வரவில்லை. செம்புக் கம்பியை வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது, அதன் நடுவில் இரண்டு பள்ளங்கள் பளபளவென்று தேய்ந்திருந்தன. போல்ட் விடுபட்ட நொடியில் கீழ்த்தண்டு "டக்" என்று ஒரு பக்கமாக விலகி, தகட்டின் துளையும் தண்டின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பாதி நிலவாகத் தெரிந்தன. எத்தனை ஆண்டுகள் அந்த வார்ப்பு இப்படி முறுக்கப்பட்டு ஓடியதோ! விரிசல் ஏதும் கண்ணில் படாதது பெரும் ஆறுதல்.

பிப்ரவரி 19

தலைப்பகுதியில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டினேன். அடியில் வந்தது இரும்பு அல்ல, பட்டி. வெல்டிங்கின் மேல் தடிமனாகப் பட்டி போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்கிறார்கள். பட்டறை அண்ணன் கிரைண்டரால் லேசாக அறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மேல தையல் போட்ட மாதிரி அழகா இருக்குதுங்க, உள்ள இரும்பும் இரும்பும் கலக்கவே இல்லைங்க" என்றார்.

அதன் பிறகு டிரெய்ல் அளந்தோம். ஸ்டியரிங் அச்சை அப்படியே தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியைத் தொடும். முன்சக்கர அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் டயர் தரையைத் தொடும் இடம் கிடைக்கும். முதல் புள்ளிக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் டிரெய்ல். சாலை வண்டிகளில் இது பெரும்பாலும் 8 முதல் 12 செ.மீ. வரை இருக்கும். இதில் சுமார் 19 செ.மீ. இருந்தது. தலைக்கோணமோ செங்குத்திலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி சாய்ந்திருந்தது. நேர்சாலையில் வேகமாகப் போகும்போது இப்படிப்பட்ட வண்டி கல் போல நேராகச் செல்லும். ஆனால் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் தானாகவே ஒரு பக்கம் சரிந்து விழும், அதைக் கைகளால் தாங்கிப் பிடிக்க வேண்டும். போக்குவரத்து நெரிசலில் இதை ஓட்டியவரின் தோள்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

மார்ச் 5

வேறு ஒரு பழைய சேசிஸை வாங்கிப் பொருத்திவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண், ஸ்டியரிங்கைத் தாங்கும் தலைக்கட்டில் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. வெட்டியவர்கள் நல்லவேளையாக அந்தக் கட்டுக்குப் பின்னாலும் கீழும்தான் வெட்டியிருக்கிறார்கள், எண் முழுமையாக இருக்கிறது. சேசிஸை மாற்றினால் எண் மாறும், அதற்குப் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். எண்ணை மட்டும் அறுத்து வேறொன்றில் ஒட்டுவது குற்றம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆக, நான் செய்யப்போவது சட்டத்தின் கண்ணிலும் வண்டியை அதன் சொந்த நிலைக்குத் திருப்புவதுதான்.

மார்ச் 12

நண்பனின் புல்லட்டை நாள் முழுவதும் அளந்தோம். 1370 மி.மீ. சக்கர இடைவெளி, தலைக்கோணம், இன்ஜின் துளைகளின் தூரங்கள் எல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன.

ஏப்ரல் 9

தடித்த இரும்புப் பலகையின் மேல் ஜிக் (பாகங்களை அளவு மாறாமல் பிடித்துவைக்கும் சட்டம்) தயாராகிவிட்டது. தலைக்கட்டு, இன்ஜின் துளைகள், பின்சக்கரத்தைத் தாங்கி ஆடும் ஸ்விங் ஆர்மின் அச்சு மூன்றும் நண்பனின் வண்டியில் எடுத்த அளவுகளில் இறுகப் பிடிக்கப்பட்டன. வெட்டுப்பட்ட மேல்தண்டையும் கீழ்த்தண்டையும் முழுதாக நீக்கிவிட்டு, தையல் இல்லாத குழாயைப் பொருத்தி, உள்ளே குறுங்குழாய் செருகி, டிக் வெல்டிங் செய்தார் அண்ணன். இந்த வேலையைப் புதியவர் எவரும் தன் கையால் செய்து பழகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழற்றுவது, சுத்தம் செய்வது, அளப்பது, பூட்டுவது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள ஏராளமாக இடமிருக்கிறது. தலைக்கட்டின் வெல்டிங் மட்டும் தேர்ந்த கைக்கு உரியது.

ஏப்ரல் 23

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. ஃபோர்க் குழாய்களை எட்டு அங்குலம் நீட்ட, மேலே மரை வெட்டிய துண்டுகளைச் செருகிப் பற்றவைத்திருந்தார்கள். அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். புல்லட்டில் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்ப் மீட்டர் ஆகியவற்றைத் தாங்கி, இருபுறமும் சிறு பார்க்கிங் விளக்குகளோடு இருக்கும் அந்த வார்ப்புக் கூடு வெறும் அலங்காரம் அல்ல. ஃபோர்க் குழாய்களின் மேல்நுனி அதில்தான் மரையேறி அமர்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டையான தகடு ஒன்றை வைத்திருந்ததால், கூடு கிடைக்காமல் முன்பகுதியைத் தொடவே முடியாத நிலை. கடை கடையாகத் தேடி, மரைகள் கெடாத ஒன்றைக் கண்டெடுத்தேன். குழாய்களைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்து, வளைவில்லாதவற்றை மட்டும் வாங்கினேன்.

மே 14

பின்பகுதி. அகலமான கார் டயருக்கு இடம் தருவதற்காகப் பின் ஸ்பிராக்கெட்டை வாஷர்கள் வைத்து வெளியே தள்ளியிருந்தார்கள். அதனால் செயின் நேர்கோட்டில் ஓடவில்லை. ஸ்பிராக்கெட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் மட்டும் கத்தி முனையாகத் தேய்ந்து, மறுபக்கம் புதிதாகவே இருந்தது. தட்டையான கார் டயரோ வண்டி வளைவில் சாயும்போது ஓரத்தில்தான் நிற்கும். இப்போது 19 அங்குல ரிம்மில் 3.25 டயர், புதிய ஷாக் அப்சார்பர்கள், ஸ்விங் ஆர்முக்குப் புதிய புஷ்கள் (அச்சைச் சுற்றி அமரும் உறை வளையங்கள்). முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் வந்துவிட்டது.

ஜூன் 11

இன்ஜின் வேலை. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சிசி. வார்ப்பிரும்பு சிலிண்டரை ரீபோர் செய்து (உட்சுவரைக் கடைந்து) புதிய பிஸ்டன் போட்டாயிற்று. இந்த இன்ஜினின் கனெக்டிங் ராடில், கிராங்கோடு சேரும் பெரிய முனையில் உருளை பேரிங் இல்லை, மிதக்கும் புஷ் இருக்கிறது. சுத்தமான ஆயிலைத் தவிர அதற்கு வேறு பாதுகாப்பு கிடையாது. ஆயில் வழிகள் ஒவ்வொன்றையும் காற்றடித்துத் துடைத்த பிறகே மூடினேன். வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் விரலால் சுலபமாகச் சுழலவும் மேலும் கீழும் ஆடாமலும் இருக்கும்படி டேப்பெட் வைத்து, தீப்பொறியை இயக்கும் பாயின்ட்டின் இடைவெளியை 0.35 மி.மீ. அளவில் நிறுத்தினேன்.

சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரெஸ்ஸரை அழுத்தி, பிஸ்டனை மேல்நிலை தாண்டவிட்டு, முழுக் கிக். இன்ஜின் பிடித்துக்கொண்டது! உடனே ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன்: திரும்பி வரும் ஆயில் விட்டு விட்டுத் தெறித்து விழுந்தது. பம்ப் வேலை செய்கிறது.

ஜூன் 25

கல்லூரி மைதானம் ஒன்றில் அனுமதி பெற்று ஓட்டினேன். மெதுவான வட்டங்களில் முன்சக்கரம் சரியவில்லை, ஹேண்டில்பார் கைக்கு லேசாக இருக்கிறது. திரும்பியதும் தலைக்கட்டு வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று அறிய, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தார் அண்ணன். எங்கும் சிவப்புக் கோடு எழவில்லை. ஸ்டியரிங் கோன் செட்டை (ஸ்டியரிங் பேரிங்குகளை) ஒரு முறை இறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இனி ஃபியூஸோடு சேர்த்துப் புதிய வயரிங் இழுக்க வேண்டும், சரியான பெட்ரோல் டேங்க் தேட வேண்டும். அதன் பிறகே பெயின்ட், பதிவு அலுவலகச் சோதனை எல்லாம்.