மண்ணடி சந்துல மாட்டுன செய்கோஷா கடிகாரம்: ரெண்டு மாச அப்டேட்

மிக்ஸிக்கு கப்ளர் வாங்கத்தான் பாரிமுனை பக்கம் போனேன். மண்ணடி மெட்ரோல எறங்கி மீன்பாடி வண்டிக்கும் லோடு ஆட்டோவுக்கும் நடுவுல பூந்து பூந்து போனதுல, தம்பு செட்டித் தெருவத் தாண்டி எங்கயோ சந்து மாறிட்டேன். பாதி கட்டடத்துல அரசஞ்செடி மொளச்சிருக்கு, மாடி பால்கனிக்கு சவுக்குக் கட்டைய முட்டு குடுத்து வெச்சிருக்காங்க, அதுக்குக் கீழ போர்டே இல்லாத ஒரு கடை. உள்ள எனாமல் டிபன் கேரியர், ஊறுகா ஜாடி, வால்வு ரேடியோ, கால் ஒடஞ்ச பல் டாக்டர் சேர், செவுரு பூரா பெண்டுலம் கடிகாரம். ஒண்ணுகூட ஓடல. பாய்கிட்ட கேட்டா, "ஓடுறதெல்லாம் வித்துப் போயிடும் தம்பி, ஓடாததுதான் என்கூட இருக்கும்"ங்கறாரு. அவங்க அத்தா மூர் மார்க்கெட்ல கடை வெச்சிருந்தவராம், 1985 தீயில போனது போக மிச்சந்தான் இதெல்லாம்.

கிராமபோன் குழாய் வெல கேட்டேன், விக்கறதுக்கில்லயாம். தராசு? அதுவும் இல்லயாம். "அப்ப எதத்தான் பாய் விப்பீங்க?"ன்னதும் ஒரு செய்கோஷா பெண்டுலம் கடிகாரத்த எறக்குனாரு. இன்னைக்கு செய்கோ வாட்ச் வருதுல்ல, அவங்களே 1892ல டோக்கியோல ஆரம்பிச்ச ஃபேக்டரி அது. 3500 சொன்னாரு, 2800க்கு முடிச்சேன். பெண்டுலம் எல்லாம் தனியா ஒரு பெயிண்ட் பக்கெட்ல கெடக்கு, "ஒண்ண எடுத்துக்கோ"ன்னாரு, நானும் பளபளன்னு இருந்தத எடுத்துட்டு வந்தேன். கப்ளர் மறந்தே போச்சு.

மொத ரெண்டு வாரம் க்ளீனிங்தான். எந்தப் புண்ணியவானோ தேங்கா எண்ண ஊத்தியிருக்கான், அச்செல்லாம் பிசினா ஒட்டிக் கெடக்கு. சாவி ஓட்டை ரெண்டு, வலது நேரத்துக்கு, இடது மணி அடிக்கறதுக்கு, ரெண்டு ஸ்பிரிங்கையும் தளர்த்திட்டுதான் மிஷினோட தகட்ட கழட்டணும்னு வீடியோல பத்து தடவ பாத்துட்டு ஒண்ண மட்டும் தளர்த்திட்டு ஸ்க்ரூவ திருப்புனேன், சர்ர்ருனு அவுந்து கட்டவெரல கிழிச்சிடுச்சு. தப்பு என்னோடதுதான். அப்புறம் பெட்ரோல்ல கழுவி, அச்சு ஓட்டைய பல்குச்சியால நோண்டி, பெண்டுலத்த புளி போட்டு தேச்சு, க்ளாக் ஆயில் ஒவ்வொரு சொட்டு.

மாட்டுனா நொண்டுது. டிக்...டக்டிக்...டக். பொட்டிய கீழ்ப்பக்கம் லேசா இடது பக்கம் தள்ளுனதும் சத்தம் சமமாச்சு, அன்னைக்கு நான் ஆஃபீஸ் போகல. ஆனா ஒரு நாளைக்கு 20 நிமிஷம் ஃபாஸ்ட்! பெண்டுலத்தோட குண்டு கீழ எறங்குனா மெதுவாகும்னு அத தாங்குற நட்ட கடைசி வரைக்கும் எறக்கியாச்சு, பத்தல. வெயிட் ஒண்ணும் பிரச்சன இல்ல, நீளந்தான் கணக்கு, பெண்டுலம் கம்பி ஒரு 7 மில்லிமீட்டர் கம்மி.

திரும்ப பாய்கிட்ட. கடிகாரம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழ செவுத்துல பென்சில்ல நீளம் குறிச்சு வெச்சிருக்காரு மனுஷன்! "நீ கேக்கல, நான் சொல்லல." பக்கெட்ட கவுத்து அளந்து கருப்பு புடிச்ச ஒண்ண குடுத்தாரு, காசு வாங்கல.

இப்ப வாரத்துக்கு 2 நிமிஷம் லேட், நட்டு அரை சுத்து ஏத்தணும். மணிதான் வெவகாரம். எத்தன அடிக்கணும்னு முடிவு பண்றது ஓரத்துல காடி வெட்டுன ஒரு சக்கரம், அது முள்ளு எங்க இருக்குன்னு பாக்காம வரிசையா அடிச்சிட்டே போகுது, நாலு மணிக்கு ஏழு அடிக்குது. உள்ள இருக்க கம்பிய தூக்கி விட்டா வரிசைக்கு வந்துடும். ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம், கட்டவெரல் இன்னும் ஆறல.