“நல்லாப் பேசுறானே!” – ஒரு சான்றிதழுக்கு நாலு நடை

மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. ஸ்பீச் தெரபி, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று ஓடிய ஓட்டத்தில் அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பள்ளியில் கேட்ட பிறகுதான் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன். ஆன்லைனில் ஆதாரும் போட்டோவும் ஏற்றியது அரை மணி நேர வேலை. அப்புறம்தான் அலைச்சல்.

முதல் நாள் சுத்தமாக வீண். மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் அவனைப் பிடித்து நிறுத்தி மேசைக்குப் போனால், “மனநல டாக்டர் இன்னிக்கு மெடிக்கல் போர்டுக்கு வரமாட்டாரு. புதன்கிழமை வாங்க” என்றார் எழுத்தர். மெசேஜில் வந்த தேதியைக் காட்டினேன். “அது கை, கால் பார்க்கிற போர்டும்மா.” ஆட்டிசத்துக்கு எந்தக் கிழமை என்று குறிப்பாகக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

புதன்கிழமை போனால், தனியார் மையத்தில் எடுத்த ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிச மதிப்பீட்டு ரிப்போர்ட் செல்லாதாம், அவர்களுடைய சைக்காலஜிஸ்ட்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு இன்னொரு தேதி. அதிலிருப்பது 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பதில் சொல்வது பெரும்பாலும் நாம்தான். எதைக் கேட்டாலும் “இப்போ பரவாயில்லை மேடம்” என்றே எனக்கு வாய் வந்தது. அவன் செய்யும் சின்ன விஷயத்தையும் கொண்டாடிப் பழகிய வாய். நடுவில் சுதாரித்துக்கொண்டு, மோசமான நாட்களையும் சொன்னேன். அழுகைதான் வந்தது, ஆனால் மறைத்தால் நஷ்டம் அவனுக்குத்தான்.

அன்றே போர்டு. டாக்டர், “உன் பேரு என்னப்பா?” என்றார்.

“உன் பேரு என்னப்பா?” என்றான் இவன், அதே ராகத்தில்.

“நல்லாப் பேசுறானே!”

பகீர் என்றது. நல்லவேளை, பக்கத்திலிருந்த சைக்காலஜிஸ்ட், “யார்கூட வந்தே?” என்று கேட்டுப் பார்த்தார். “யார்கூட வந்தே?” என்றான். அவர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் எழுத ஆரம்பித்தார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் எக்கோலேலியாவைப் பற்றித் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை நம்பிப் போகாதீர்கள். வீட்டில் எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களை போனில் தயாராக வைத்திருங்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சான்றிதழைப் பார்த்தால், குறைபாட்டின் வகை என்ற இடத்தில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று இருக்கிறது. மேசைக்கு ஓடினேன். “எல்லாம் ஒண்ணுதாம்மா. சலுகை கிடைக்கும்ல?”

ஒன்று இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசம் அந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, உண்மைதான். ஆனால் 21 வகைகளில் அது தனி வகை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் உண்டு. என் பையனுக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாக அவர்கள் ரிப்போர்ட்டிலேயே இல்லை. இந்தத் தாளைப் பார்க்கும் ஆசிரியர், இவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் என்பதையே நம்பமாட்டார். சரி, சட்டத்தை போனில் திறந்து காட்டினேன். “பிரிண்ட் எடுத்துட்டு வாங்க.”

எடுத்துக்கொண்டு நாலாவது நாள் போனேன். அந்தத் தாளை அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஐந்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிட்டார். வாங்கியதும் அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, வகை, சதவீதம் நான்கையும் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இது தற்காலிகச் சான்றிதழ்தான். கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அடிக்கும்படி போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

அட்டை வந்துவிட்டது. ஆனால் இவனைக் குளிக்கக் கூப்பிட்டால் இன்னமும் அந்த எழுத்தரின் குரலிலேயே பதில் வருகிறது: “புதன்கிழமை வாங்க.”