கழுத்துக் கருமையில் தொடங்கிய என் சினைப்பைச் சிகிச்சை

மேல்நிலை வகுப்புகளுக்கு நான் விலங்கியல் எடுக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஹார்மோன் ஒன்று செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து பொருந்துவதையும், அதனால் ஹார்மோனின் செய்தியை உள்ளே கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற இரண்டாம் தூதுவர் உருவாவதையும் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். வரைந்ததெல்லாம் என் உடம்புக்குள் நடப்பதுதான் என்று, திருமணமாகி நான்கு ஆண்டுகள் குழந்தையின்றிக் காத்திருந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பதினாறு வயதிலிருந்தே எனக்கு மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போகும். அது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறு என்று பின்னால்தான் தெரிந்தது. முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையில் நீர்க்கட்டி இருப்பதாகவும் எடையைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்லி, மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். உண்மையில் அவை இருந்தது கர்ப்பப்பையில் அல்ல, சினைப்பையில். கட்டி என்ற சொல்லைக் கேட்ட என் மாமியார் அன்றிரவு சாப்பிடவே இல்லை. அறுத்து எடுக்க வேண்டியிருக்குமா, புற்றுநோயாக மாறிவிடுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை.

அடுத்து நாங்கள் பார்த்த மருத்துவர் என் ஸ்கேன் உறையைத் திறப்பதற்கு முன்பே, "டீச்சர், கழுத்தில் இந்தக் கருப்பு எப்போதிலிருந்து இருக்கிறது?" என்று கேட்டார். வயதுக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து அம்மா ஞாயிறுதோறும் பயத்தமாவும் எலுமிச்சைத் தோலும் போட்டு, எரியும்வரை அந்த இடத்தைத் தேய்த்துவிடுவார். அது அழுக்கு இல்லை, ரத்தத்தில் மிகுந்துபோன இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிட்டுப் பெருகச் செய்வதன் அடையாளம் என்று மருத்துவர் சொன்னபோது, அம்மா பட்ட பாடும் நான் பட்ட எரிச்சலும் ஒருசேர நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வெறும் வயிற்றில் போய் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்தேன். வாந்தி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று செவிலியர் சொல்லியிருந்ததால், இரண்டு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 96. இரண்டு மணி நேரம் கழித்து 158, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்று இன்சுலின் 26 இருந்தது. 96-ஐ 26-ஆல் பெருக்கி 405-ஆல் வகுத்தால் இன்சுலின் எதிர்ப்பின் அளவு தெரியும் என்று மருத்துவர் என் எதிரிலேயே கணக்குப் போட்டார். விடை 6-ஐத் தாண்டியது; இயல்பைவிட மிக அதிகம்.

இதன் பிறகு அவர் விளக்கியதைத்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். இன்சுலின் ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் பிஐ-3 கைனேஸ், ஏகேடி ஆகிய புரதங்கள் வழியாகச் செய்தி கைமாறிப் போய், க்ளூட் 4 என்ற கடத்தி செல்லின் மேற்பரப்புக்கு வர, அதன் வழியே சர்க்கரை உள்ளே நுழைகிறது. என்னைப் போன்ற பலருக்குத் தசையிலும் கொழுப்பிலும் இந்தச் செய்தி நடுவழியில் மங்கிவிடுவதால், கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால் சினைப்பையின் தீக்கா செல்கள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்துவதில்லை. பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்எச் ஹார்மோனோடு சேர்ந்து இன்சுலின் அவற்றைத் தூண்ட, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. ஒரு மடை அடைபட்டதென்று வாய்க்காலில் தண்ணீரைக் கூட்டித் திறந்துவிட்டால், அடைபடாத மடையை ஒட்டிய வயல் மூழ்கிப் போகுமல்லவா, அதுதான் என் சினைப்பையில் நடந்திருக்கிறது.

ஸ்கேனில் முத்துச்சரம் போல் விளிம்பில் வரிசையாகத் தெரிந்தவை கட்டிகளே அல்ல. ஒவ்வொன்றும் முட்டையைச் சுமந்தபடி பாதி வளர்ச்சியில் நின்றுபோன நுண்பை. மேற்கொண்டு வளர, பிட்யூட்டரி அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோனின் தூண்டுதல் போதிய அளவு வேண்டும். சிறு நுண்பைகள் கூட்டமாகச் சேர்ந்து சுரக்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோன், அந்தத் தூண்டுதல் எடுபடாதபடி மட்டுப்படுத்துகிறது. எனக்கு ஏஎம்எச் இயல்பைவிட அதிகமாக, 9-க்கு மேல் இருந்தது. வீட்டுக்கு வந்து இதை ஒரு தாளில் வரைந்து காட்டியபோது, "அப்போ கட்டி இல்லையாம்மா, வளராம நின்ன முட்டைதானா?" என்று கேட்டுவிட்டு மாமியார் அடுப்படிக்குப் போய்த் தோசை வார்க்கத் தொடங்கினார்.

இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது. சாப்பாட்டின் நடுவில் விழுங்கப் பழகிய பிறகு அடங்கியது. எனக்கு மருந்தைவிட நடைதான் மேலான பலனைக் கொடுத்தது என்று நம்புகிறேன். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் பாதையை நம்பியிராமல் வேறொரு வழியாகவும் க்ளூட் 4 மேலே வருகிறது என்று தெரிந்ததிலிருந்து, பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்காமல் நான்கு கிலோமீட்டரும் நடந்தே வீடு சேர்ந்தேன். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது.

பிறகு நுண்பையை வளரச் செய்ய லெட்ரோசோல் மாத்திரை. மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மார்பகப் புற்றுநோய் மாத்திரையாச்சே, அக்கா" என்று தயங்கினான். 2011-இல் இந்தியாவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு இதைத் தடை செய்திருந்தார்கள். 2017-இல் தடை நீங்கியது. இதற்கிடையே 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. அதில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், பழைய மருந்தான குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை உருவாக்கும் அரோமட்டேஸ் நொதியை லெட்ரோசோல் தடுத்து, அந்த ஹார்மோனைச் சில நாள் குறைக்கிறது. அந்தக் குறைவை உணரும் பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சைக் கூடுதலாக அனுப்புகிறது. நுண்பைக்குள் சைக்ளிக் ஏஎம்பி உயர்ந்து, நின்ற வளர்ச்சி மறுபடி தொடங்குகிறது.

முதல் சுற்றில் மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் 2.5 மில்லிகிராம் எடுத்தும், பதினான்காம் நாள் ஸ்கேனில் 11 மில்லிமீட்டரைத் தாண்டிய நுண்பை ஒன்றுகூட இல்லை. இரண்டாம் சுற்றில் மருந்தை இரட்டிப்பாக்கினார்கள். பன்னிரண்டாம் நாள் வலப்பக்கம் 15, பதினான்காம் நாள் 19. திரையில் அந்தக் கரிய வட்டத்தின் இரு முனைகளிலும் மருத்துவர் குறி வைத்து அளந்தபோது நான் மூச்சுவிடவும் மறந்திருந்தேன். அன்றிரவே எச்சிஜி ஊசி போட்டார்கள்; ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும் என்றார்கள். அந்த மாதம் கருத்தரிக்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்தேன். அடுத்த மாதம் கரு தங்கியது.

மகளுக்கு இப்போது மூன்று வயது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறியதும், பிறகு இறங்கியதும் தனிக் கதை. குழந்தை பிறந்துவிட்டாலும் இன்சுலின் பாதையின் அடைப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அதே 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் 132 வந்தது, இயல்பான அளவுக்குள்.