எக்சிட்டானைக் கொண்டு பிளாஸ்மாவை அளப்பது

மதுரையில் முதுநிலை இயற்பியல் பயிலும் மாணவர்கள், குறைக்கடத்தி என்றால் டையோடும் டிரான்சிஸ்டரும் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒளியை ஏற்று மேல்நிலைக்குச் செல்லும் எலெக்ட்ரானும், அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று ஈர்த்து ஹைட்ரஜன் அணுவைப் போலப் பிணைந்திருக்கும் இணையே எக்சிட்டான். ஜெர்மனியின் டார்ட்முண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இயற்கையாகக் கிடைத்த குப்ரஸ் ஆக்சைடு என்னும் குறைக்கடத்திப் படிகத்தை மிகக் குளிர்ந்த நிலையில் வைத்து, முதன்மைக் குவாண்டம் எண் (ஆற்றல்நிலையின் வரிசை எண்; இது கூடக்கூட இணையும் பெரிதாகும்) 25 வரையிலான எக்சிட்டான்களைக் கண்டனர். அவற்றுள் மிகப் பெரியதன் விட்டம் 2 மைக்ரோமீட்டரைத் தாண்டுகிறது. ஒரு படிகத்துக்குள் இவ்வளவு பெரிய பிணைப்பு நிலைப்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இந்தப் பருமனே அவற்றை நுண்ணிய அளவுகோலாக்குகிறது. பிணையாத எலெக்ட்ரான்களும் துளைகளும் கலந்த பிளாஸ்மா சிறிதளவு உருவானாலும், அது இணையின் மின்னீர்ப்பை வலுவிழக்கச் செய்து, தொடர்பட்டையின் (இணை பிரிந்து தனித்தனியாகும் ஆற்றல் பகுதியின்) விளிம்பைக் கீழிறக்குகிறது. அப்போது ஒவ்வொரு எக்சிட்டான் நிலையும் ஒளியை உறிஞ்சுவதைக் காட்டும் உறிஞ்சல் கோடுகள் ஏறத்தாழத் தம் இடத்திலேயே நின்றபடி, உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக மங்கி மறைகின்றன. மாரியம்மன் தெப்பக்குளத்தில் மூழ்காத படிகளைப் பார்த்து நீர்மட்டத்தை அறிவதைப் போல, எஞ்சியுள்ள மிக உயர்ந்த கோட்டைக் கொண்டு பிளாஸ்மாவின் அடர்த்தியை மதிப்பிடலாம். குளத்தில் கீழ்ப்படிகள் முதலில் மறையும், இங்கே மேல்நிலைகள்.

மின்முனை எதையும் படிகத்தில் பொருத்தாமல், லேசர் ஒளியால் மட்டுமே, மிகக் குறைந்த அடர்த்தியுள்ள பிளாஸ்மாவையும் இவ்வாறு கண்டறிய முடிகிறது.