1:160 அளவில் 8,000 கேலன் டேங்க் வேகன்: இதுவரை முடிந்த வேலை

அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்ட்ரி நிறுவனம் 1921இல் அறிமுகப்படுத்திய டைப் 21 டேங்க் வேகனின் (எண்ணெய் போன்றவற்றை ஏற்றும் ரயில் தொட்டி வண்டி) மாதிரியை, நான் பின்பற்றும் அளவில், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே 9 மி.மீ. மட்டுமே உள்ள 1:160இல், மூன்று மாதங்களாகச் செய்துவருகிறேன். நான் எடுத்துக்கொண்டது 8,000 கேலன் வகை. 10,000 கேலன் வகையின் தொட்டியும் நீளத்தில் ஏறக்குறைய இதேதான்; விட்டம் மட்டும் 78 அங்குலத்துக்குப் பதிலாக 87 அங்குலம். மாதிரியில் இது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு என்றாலும், இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் ஒன்று ஒடிசலாகவும் மற்றொன்று பருமனாகவும் உடனே கண்ணில் படுகிறது. அக்காலச் சரக்கு ரயிலுக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் அழகு என்பது என் கருத்து.

தொட்டிக்கு அரை அங்குல ஸ்டைரீன் பிளாஸ்டிக் குழாயை 62 மி.மீ. நீளத்தில் அறுத்தேன். கணக்குப்படி விட்டம் 12.4 மி.மீ. வரவேண்டும், குழாய் 12.7 மி.மீ. இருக்கிறது. இதை நான் ஏற்றுக்கொண்டேன். வெப்பத்தால் எண்ணெய் விரியும்போது இடம் தருவதற்காகத் தொட்டியின் உச்சியில் அமைந்த குவிமாடத்தைப் பொருத்துவதுதான் பொறுமையைச் சோதித்தது. உருளையின் முதுகில் இன்னோர் உருளை இடைவெளியின்றி அமரவேண்டும். தொட்டிக் குழாயைச் சுற்றி 400ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, குவிமாடத் துண்டை அதன்மேல் நெட்டுக்குத்தாகப் பிடித்து, குழாயின் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்தேன். நாற்பது நிமிடம் ஆனது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது கீற்றளவு இடைவெளியும் இல்லை.

தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளில்தான் தவறு நேர்ந்தது. அசல் ரிவெட்டின் தலை சுமார் ஒன்றரை அங்குலம் என்று கொண்டால், இந்த அளவில் அது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே செதுக்காமல், ரெசின் புள்ளிகள் பதித்த டெக்கால் (மெல்லிய ஒட்டுப்படலம்) பட்டைகளைப் பயன்படுத்தினேன். தொட்டியின் முனை வளையத்தைச் சுற்றி ஒட்டிய முதல் பட்டை லேசாகச் சாய்ந்துவிட்டதால், சுற்றி வந்து சேருமிடத்தில் இரு நுனிகளும் அரை மில்லிமீட்டர் விலகி நின்றன. அசலில் அது மூன்று அங்குலக் கோணல். அதை உரித்துவிட்டு, காகிதப் பட்டை ஒன்றைக் குழாயில் இறுக்கிச் சுற்றி, அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, நுனிகள் தொட்டியின் அடிப்பக்கத்தில் சேரும்படி மீண்டும் ஒட்டினேன். இப்போது நேராக இருக்கிறது.

வேகன் தடம் புரளாமல் ஓட எடை வேண்டும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை, இந்த அளவுக்கு அரை அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கூடுதலாக 0.15 அவுன்ஸும் ஆகும். என் வேகனுக்கு அது ஏறத்தாழ 26 கிராம். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து நிரப்பும் பழைய பழக்கத்தை நான் அடியோடு விட்டுவிட்டேன். அந்தப் பசை ஈயத்தோடு வினைபுரிந்து காலப்போக்கில் உப்பும்; இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த வேகன் ஒன்றின் சுவர் அப்படித்தான் பிளந்தது. மூடிய குழாயில் அது நேர்ந்தால் காப்பாற்ற வழியே இல்லை என்பதால், இம்முறை எஃகுக் குண்டுகளை எபாக்ஸிப் பசையில் பதித்தேன். எடை சரியாக அமைந்தது.

வண்ணத்துக்குத் தூய கறுப்பைத் தவிர்த்து, சற்றே சாம்பல் கலந்த கறுப்பை மெல்லிய மூன்று பூச்சுகளாக அடித்தேன். தூய கறுப்பில் ரிவெட்டுகளின் நிழல் மறைந்துவிடும்.

கைப்பிடிக் கம்பிக்குக் கால் மில்லிமீட்டர் பாஸ்பர் வெண்கலக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். அதைத் தாங்கும் எட்டுத் துளைகளில் ஐந்தை 0.3 மி.மீ. துளையூசியால் போட்டாயிற்று. அடுத்து, அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்ட்ரியின் வாடகை வேகன்களுக்குரிய எஸ்.எச்.பி.எக்ஸ் எழுத்துகளை ஒட்டவேண்டும். தொட்டியும் பாதுகாப்பு வால்வும் சோதிக்கப்பட்ட தேதிகளை அசலில் தொட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள். இரண்டு அங்குல எழுத்து இங்கே 0.3 மி.மீ.தான். உருப்பெருக்கிக் கண்ணாடி வந்த பிறகு அதைத் தொடுவேன்.