ஈரல் நாடிக்குள் கண்ணாடி மணிகள்

ஈரல் புற்றுநோய்க்காகத் திருகோணமலையிலிருந்து மகரகம புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போய்வரும் சனத்தைப் பார்க்கிறபோதெல்லாம், ஈரல் கட்டியைக் கதிர்வீசும் மணிகளால் தாக்கும் சிகிச்சையைப் பற்றி எழுதவேணும் என்று மனம் அரிக்கும்.

20–30 மைக்ரோமீற்றர் கண்ணாடி மணிகள். தலைமுடித் தடிப்பில் பாதிகூட இல்லை. யிற்றியம்-89 என்ற உலோகம் கலந்து உருக்கிய கண்ணாடியை அணு உலையில் நியூத்திரன்கள் தாக்க, அது கதிர்வீசும் யிற்றியம்-90 ஆகும். அந்த மணிகளை மெல்லிய குழாய் வழியாக, இதயத்திலிருந்து வரும் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் ஈரல் நாடிக்குள் விடுவார்கள்.

நல்ல ஈரலுக்கு இரத்தத்தின் பெரும்பகுதி குடலிலிருந்து வரும் வாயினாளத்தால் வரும். கட்டியோ ஈரல் நாடியிலிருந்துதான் உறிஞ்சும். அதனால் மணிகள் பெரும்பாலும் கட்டியிலேயே போய்ச் சிக்கும். எவ்வளவு அழகான யோசனை! மணிகள் வீசும் பீற்றாக் கதிர் உடலுக்குள் பாய்வது சராசரி 2.5 மில்லிமீற்றர்தான். 64 மணித்தியாலத்தில் வலு பாதியாகும். நுரையீரலுக்கு மணிகள் கசியுமா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள்.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளே, இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கோ.