பழைய மூணு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்துக் கட்டியது

வண்டி மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர். இன்ஜின் பெர்கின்ஸ் ஏ.டி.3.152. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஆன பிறகு நீலப் புகை. பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) வாயில் கையை வைத்தால் காற்று தள்ளும். பிஸ்டன் ரிங்கும் அது உரசி ஓடும் லைனரும் (சிலிண்டரின் உள் உறை) தேய்ந்துவிட்டதென்று சொல்ல மெக்கானிக் தேவையில்லை. எல்லாரும் சொன்னது, "முதல்ல கிட் வாங்கி வச்சுக்கோ, அப்புறம் பிரி." கிட் என்றால் மாற்றுப் பாகங்களின் செட். நான் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. பழைய இன்ஜினுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்கிறவரை யாருக்கும் தெரியாது.

பெயரிலேயே ஒரு வம்பு இருக்கிறது. 152 என்பது கன அங்குலக் கணக்கு, ஏறக்குறைய 2.5 லிட்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3.6 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 5 அங்குலம். மாஸி 35-ல் வந்த ஏ3.152-க்கும் இதே அளவுதான். ஆனால் அது இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன். அதாவது டீசலைப் பக்கத்துச் சிற்றறையில் பீய்ச்சும். 135-ல் இருப்பது டைரக்ட், நேரே பிஸ்டன் தலைமேல் பீய்ச்சும். பிஸ்டன் தலையும் சிலிண்டர் ஹெட்டும் வேறு. "மூணு சிலிண்டர் பெர்கின்ஸ் பிஸ்டன்" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். அதுவும் இத்தனை வருஷத்தில் இன்ஜினையே மாற்றிப் போட்டிருப்பார்கள் என்பதால், வண்டியின் பிளேட்டை நம்பாமல் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரைத் துடைத்துப் படித்து, அதை வைத்தே விசாரித்தேன்.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. இன்ஜினே முதுகெலும்பு. முன் ஆக்சில் அதோடு போல்ட் போட்டிருக்கும், சம்ப்பும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கனமான வார்ப்பு. எனவே வண்டியை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டாகப் பிரிக்குமுன் கியர்பாக்ஸுக்கு அடியில் உறுதியான முட்டு, முன் ஆக்சில் ஆடாமல் இரண்டு பக்கமும் மர ஆப்பு. இதில் அவசரம் கூடாது.

உள்ளே போனதும் பேரிங் ஷெல்லின் (தண்டு சுழலும் இடத்தில் வைக்கும் அரைவட்டத் தகடு) முதுகைப் பார்த்தேன். கனெக்டிங் ராடு ஷெல்களில் 020 என்று இருந்தது. அதாவது கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்பே ஒருவர் 20 தௌ கடைந்திருக்கிறார் (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெயின் ஷெல்கள் (கிராங்கை பிளாக்கில் தாங்குபவை) ஸ்டாண்டர்ட். கனெக்டிங் ராடு பிடிக்கும் கிராங்க் பின்களை மைக்ரோமீட்டரில் அளந்தபோது இரண்டு வட்டமாக இருந்தன, ஒன்று முட்டை வடிவம். லேத்துக்காரர் சொன்னார்: "ஒண்ணை மட்டும் கடையாதீங்க தம்பி, மூணையும் 30-க்கு இறக்கிடுவோம்." ஷெல்லும் செட்டாகத்தானே வரும்! கிராங்க் திரும்பி வந்து, நானும் ஒருமுறை அளந்த பிறகே 30 தௌ ஷெல் வாங்கினேன்.

லைனர் உலர் வகை, பிளாக்கில் அழுத்தி ஏற்றுவது. இதிலும் இரண்டு: ஏற்றியதும் அப்படியே ஓட்டத் தயாரானது ஒன்று, ஏற்றிய பின் உள்ளே கடைந்து (போர்), கல்லால் தேய்த்து (ஹோன்) அளவுக்குக் கொண்டுவர வேண்டியது இன்னொன்று. மேலே ஃபிளேஞ்ச் (விளிம்பு) உள்ளதும் இல்லாததும் வேறு. பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நல்லது. பிஸ்டனிலும் இப்படி ஒன்று உண்டு: சில பிஸ்டன்களின் தலையைப் பிளாக்குக்கு ஏற்ற உயரத்துக்குக் கடைந்துதான் போட முடியும்.

கிடைக்காத பாகத்துக்கு டிராக்டர் கடைகளோடு நிற்கத் தேவையில்லை. இதே 152 குடும்பம் ஃபோர்க்லிஃப்ட், கம்ப்ரசர், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் ஓடியிருக்கிறது. ராக்கர் ஷாஃப்ட் (வால்வுகளை அழுத்தும் கைகள் ஏறியிருக்கும் தண்டு) எனக்குக் கழித்துக்கட்டிய கம்ப்ரசரிலிருந்துதான் கிடைத்தது. சம்ப், ஃபிளைவீல் ஹவுசிங் மட்டும் அங்கிருந்து எடுக்க முடியாது, அவை டிராக்டருக்கே உரியவை.

அதிக நேரம் எடுத்தது கிராங்கின் பின்பக்க ஆயில் சீல். பழைய இன்ஜினில் அது ரப்பர் இல்லை, கயிறு. இரண்டு அரைவட்ட ஹவுசிங்கின் பள்ளத்தில் கிடத்த வேண்டும். இரு முனையிலும் ஓர் அங்குலத்தை முதலில் அழுத்தி, நுனிகள் முகப்புக்கு மேலே 10 முதல் 20 தௌ வரை நீட்டியிருக்கும்படி வைத்து, பிறகு மீதியை நடுவிலிருந்து உள்ளே தள்ளி, உருளைக் கம்பியால் தேய்த்துப் படிய வைத்தேன். உள்பக்கம் கிராஃபைட் கிரீஸ். நுனி நீட்டல் அதிகமானால் ஹவுசிங் சேராது, குறைந்தால் ஆயில் கிளட்ச்சில் இறங்கும். அதற்குப் பிறகு மறுபடி வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான்.

டைமிங் கியர் (கிராங்கையும் வால்வு, பம்பு இயக்கத்தையும் ஒத்துப்போக வைக்கும் பற்சக்கரங்கள்) சுலபம், குறிகளைச் சேர்த்தால் போதும். ஆனால் சேர்த்த பிறகு கிராங்கைச் சுற்றிவிட்டுக் குறியைத் தேடினால் காணாது. நடுவில் இருக்கும் ஐட்லர் கியரின் பல் கணக்கு அப்படி. பல சுற்றுக்குப் பிறகே மறுபடி கூடும். பயந்துபோய்க் கழற்றுகிறவர்கள் உண்டு. டீசல் பம்பையும் நாசில்களையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில் கொடுத்துவிட்டேன், வீட்டில் செய்யும் வேலை இல்லை அது.

டீசல் லைனில் இருந்த ஏர் எடுத்தபின், ஸ்டாப் (டீசலை நிறுத்தும் பிடி) இழுத்த நிலையிலேயே செல்ஃப் ஸ்டார்ட்டர் அடித்து, ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகுதான் டீசலை விட்டேன். புது ரிங்கை ஐடிலிலேயே நெடுநேரம் ஓட விட்டால் லைனர் கண்ணாடி போல மெருகேறி ரிங் படியாது. சூடானதும் மிதமான லோடு கொடுத்து, ஆயிலைச் சீக்கிரமே மாற்றினேன். பிறகு ஹெட்டை மறுபடி இறுக்கினேன். அப்போது வால்வு கிளியரன்ஸ் குறையும் என்பதால் டேப்பட் (அந்த இடைவெளியைச் சரிசெய்வது) கடைசி வேலை: இன்ஜின் குளிர்ந்திருந்தால் 12 தௌ, சூட்டில் 10.